ஒழுங்கைக் காவலுக்குப் பொல்லு வேண்டுமா?

யாழ்ப்பாணத்தின் நீர்வேலிப் பகுதியிலிருந்து சனசமூக நிலையத் தலைவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: எங்கள் ஒழுங்கையில் இருபத்திரண்டு வீடுகள். அவற்றில் ஏழு வீட்டுக்காரர் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். மூன்று மாதத்துக்குள் நான்கு தடவை களவு நடந்துவிட்டது. ஒரு வீட்டில் மாத்திரம் இரண்டு தடவை. இரண்டு தண்ணீர் மோட்டர்கள், செப்பு வயர், ஒரு சங்கிலி ஆகியவை போய்விட்டன. விழிப்புக்குழு அமைத்துப் பொல்லுகளுடன் இரவில் சுற்றி வருவோம் என்று இளைஞர்கள் நிற்கிறார்கள். சம்மதிக்கலாமா? இல்லையென்றால் வேறென்ன வழி?

பதில்:

உங்கள் கடிதத்தில் நான் முதலில் கோடிட்டது இளைஞர்களைப் பற்றிய வரியை அல்ல, "ஒரு வீட்டில் இரண்டு தடவை" என்பதைத்தான். ஒரு தடவை களவுபோன வீட்டுக்குக் கள்ளன் திரும்பி வருவதற்கான வாய்ப்பு மற்ற வீடுகளைவிட அதிகம் என்பது குற்றவியல் ஆய்வுகளில் பல நாடுகளில் உறுதிப்பட்ட விடயம். வழி அவனுக்குத் தெரியும். எதை விட்டுவந்தோம் என்பதும் தெரியும். போன மோட்டருக்குப் பதிலாகப் புது மோட்டர் பூட்டுவார்கள் என்பதும் தெரியும். இங்கிலாந்தின் ரொச்டேல் நகரிலுள்ள கேர்க்ஹோல்ட் குடியிருப்பில் 1980களின் பிற்பகுதியில் இதையே அடிப்படையாக வைத்து ஒரு திட்டம் நடந்தது. முழுக் குடியிருப்பையும் காவல் காக்க முயலாமல், களவுபோன வீட்டைச் சுற்றியுள்ள ஆறு வீடுகளளவில் அணுகி, அந்த ஒரு வீட்டை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். அங்கே கள்ளரை இழுத்தது காசு போட்டு மின்சாரம் பெறும் மீற்றர். அதைக் கழற்றினார்கள், பூட்டுகளைப் பலப்படுத்தினார்கள். மூன்று ஆண்டுகளில் வீடுடைப்புகள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தன.

நம் ஊரில் அந்த மீற்றரின் இடத்தில் தண்ணீர் மோட்டர் இருக்கிறது. ஆகவே இரண்டு தடவை களவுபோன வீட்டிலிருந்தே தொடங்குங்கள். வீட்டுக்காரருடன் பகல் வெளிச்சத்தில் வளவை ஒரு தடவை சுற்றி நடந்து பாருங்கள். நான் இப்படி நடந்த வளவுகளில் திரும்பத் திரும்பக் கண்டது, கொட்டிலில் சாத்தி வைத்த அலவாங்கும் மாமரத்தடியில் கிடந்த ஏணியும்தான். கள்ளன் ஆயுதம் கொண்டு வருவதில்லை, நாங்கள்தான் எடுத்துக் கொடுக்கிறோம். மோட்டரைச் சீமெந்துக் கட்டில் பதித்து இரும்புக் கூடு ஒட்டுவிப்பதும், அதன் தொடரிலக்கத்தைக் குறித்து வைப்பதும், உடலில் ஓர் அடையாளம் பொறிப்பதும் பெரிய செலவல்ல. பிறகு அண்டை வீட்டார் ஐந்தாறு பேரிடம் நேரில் பேசுங்கள். இதில் பலரும் விடும் பிழை, பின்வேலிக்கு அப்பால் இருப்பவரை மறந்துவிடுவது. அவருடைய கேற் வேறொரு ஒழுங்கையில் இருப்பதால் உங்கள் கூட்டத்துக்கு அவர் வரமாட்டார். ஆனால் குசினி யன்னல் பார்க்கும் வாழைத் தோட்டம் அவருடையது, கள்ளன் வந்து போகும் வழியும் அதுதான்.

ஆளில்லாத ஏழு வீடுகளும் தாமாகவே தம் நிலையை ஒழுங்கைக்கு அறிவித்துக்கொண்டிருக்கின்றன. கேற்றின் வெளிப்புறம் தொங்கும் பூட்டு, கம்பிக்குள் செருகியபடி மழையில் ஊறும் மின்பட்டியல், பொறுக்காமல் கிடக்கும் தேங்காய், கூட்டாத முற்றம் ஆகியவற்றை வாசிக்கத் தெரிந்தவனுக்கு வேறு துப்புத் தேவையில்லை. வீட்டுக்காரருக்கு நிலையத்தின் பெயரில் எழுதி, கிழமைக்கு இரண்டு தடவை முற்றம் கூட்டிப் பட்டியலை எடுத்து வைக்க ஒருவருக்குக் கூலி கொடுக்கச் சொல்லுங்கள். பற்றை மண்டிய காணியைத் துப்புரவாக்க உரிமையாளர் மசியாவிட்டால், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போங்கள்: தேங்கிய நீரும் நுளம்பும் இருந்தால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் அவர் கையில் இருக்கிறது. கள்ளனுக்குப் பயந்து வெட்டாத பற்றை டெங்குக்குப் பயந்து வெட்டப்பட்டாலும் நமக்கு ஒன்றுதான்.

இனி ரோந்து விடயம். பொல்லுடன் சுற்றுவதற்குச் சம்மதிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35ஆம் பிரிவு, தன் கண்முன் பிடியாணையின்றிக் கைதுசெய்யத்தக்க குற்றத்தைச் செய்பவரைச் சாதாரண குடிமகனும் பிடிக்கலாம் என்கிறது. ஆனால் தேவையற்ற தாமதமின்றிப் பொலிஸாரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். மின்கம்பத்தில் கட்டிவைத்து அடித்தால், விடியும்போது அவன் முறைப்பாட்டாளன், உங்கள் பிள்ளைகள் சந்தேகநபர்கள். 2011இல், உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர்கள் இரவில் பெண்களைத் தாக்குகிறார்கள் என்ற கிறீஸ் பூதப் பீதி நாடெங்கும் பரவியபோது, யாழ்ப்பாணம் நாவாந்துறையில் ஊரார் இரவில் திரண்டதும், அதன் பின் பெருந்தொகையான ஆண்கள் கைதானதும் பலருக்கு நினைவிருக்கும். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: இரவில் பொல்லுடன் நிற்பவரின் சந்தேகம் பெரும்பாலும் களவின் தடயத்தைப் பின்தொடர்ந்து போவதில்லை, ஊரின் பழைய ஏற்றத்தாழ்வைப் பின்தொடர்ந்தே போகிறது. வேலை முடிந்து வரும் கூலித் தொழிலாளியே முதலில் மறிக்கப்படுகிறார். அதுவுமன்றி, மோட்டரும் வயரும் போவது எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன முற்பகலிலாகவும் இருக்கலாம். நான்கு களவும் எந்த நேரத்தில் நடந்தன என்று எழுதிப் பார்த்தீர்களா?

அந்த வேலையை இளைஞர்களிடமே கொடுங்கள். ஒவ்வொரு களவுக்கும் நாள், நேரம், புகுந்த வழி, போன பொருள் என்று ஒரு கொப்பியில் எழுதட்டும். எரியாத வீதி விளக்குகளின் கம்ப இலக்கங்களைக் குறித்துப் பிரதேச சபைக்குக் கடிதம் கொடுக்கட்டும். பழைய இரும்பு வாங்குபவர்களிடம் செப்புச் சுருள் யார் கொண்டுவருகிறார்கள் என்ற கேள்வியை அவர்கள் போய்க் கேட்பதைவிட, குறிப்புகளுடன் பொலிஸாரிடம் கொடுப்பதே பாதுகாப்பு. வட்ஸ்அப் குழுவில் அறியாதவரின் படத்தைப் போட்டு "இவன்தான்" என்று எழுதுவதை முதல் நாளே தடைசெய்யுங்கள்.

சிறு களவாயினும் முறைப்பாடு கொடுக்கப்பட வேண்டும். பதியப்படாத களவு பொலிஸாரின் கணக்கில் நடக்காத களவு. தமிழில் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பின்பே கையொப்பமிடுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். நகையின் படமும் நிறையும் இருந்தால்தான் பின்னர் அடையாளம் காட்டலாம். களவு நடந்துகொண்டிருக்கும்போதே கண்டால் 119. சாட்சி சொல்லப் பயப்படுபவருக்கு, பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருப்பதைச் சொல்லுங்கள். கிராம அலுவலரையும் கூட்டத்துக்கு அழைத்து, பொலிஸாருடன் இணைந்து செயற்படும் ஊர்ப் பாதுகாப்புக் குழுவுடன் சேர்ந்து இயங்கினால் நாளை ஒரு பிரச்சினை வரும்போது நீங்கள் தனித்து நிற்க மாட்டீர்கள்.

களவெடுப்பவன் போதைக்கு அடிமையான ஒழுங்கைப் பிள்ளையாகவே இருந்துவிடுவதும் உண்டு. அப்போது தாய்க்குத்தான் முதலில் தெரியும். அவர் வாய் திறக்க வேண்டுமானால் ஊர் அவமானப்படுத்தாது என்ற நம்பிக்கை அவருக்கு இருக்க வேண்டும். களவுக்குரிய சட்ட நடவடிக்கை ஒருபுறம் நடக்கட்டும். சிகிச்சைக்கான வழியை ஒருவர் அந்த வீட்டுக்குப் போய் மெதுவாகப் பேசட்டும்.

எல்லை வேலிக்காக ஆண்டுக்கணக்கில் பேசாதிருக்கும் இரண்டு வீடுகளாவது உங்கள் ஒழுங்கையில் இருக்கும். பக்கத்து வளவில் நாய் குலைத்தாலும் அவர்கள் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அந்தத் தகராறை 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோக ஊக்குவிப்பது கமரா பூட்டுவதைவிட மலிவு. கமராவே வேண்டாம் என்றில்லை. ஒழுங்கை முகப்பில் ஒன்று போதும், அயலவரின் கிணற்றடியைப் பார்க்காதபடி திருப்பிப் பூட்டுங்கள்.

அடுத்து வருவது நல்லூர்த் திருவிழா. திருவிழா நடக்கும் இருபத்தைந்து நாள்களில், தேரன்று ஒழுங்கை முழுவதுமே வெறுமையாகிவிடும். அன்று வீட்டில் நிற்கப்போகும் நான்கு பேர் யார் என்பதை இப்போதே தீர்மானித்து, அந்தந்த வீடுகளுக்கு வாய்மொழியாகச் சொல்லுங்கள். சனசமூக நிலையத்து அறிவித்தல் பலகையில் எழுத வேண்டாம். அதை வாசிப்பவர்கள் உங்கள் அங்கத்தவர்கள் மாத்திரமல்லர்.