கழிவறை, குளியலறை, சமையலறை, மழைநீர் எல்லாவற்றையும் ஒரே பைப்பில் சேம்பருக்கு விடலாமா?

சென்னை நங்கநல்லூரில் பழைய வீட்டின் பின்பக்கம், தரைத்தளத்தில் புது பாத்ரூம் கட்டுகிறீர்கள். மொட்டைமாடி மழைநீர் உட்பட எல்லாவற்றையும் ஒரே பைப்பில் சேர்த்துவிடலாம் என்று பிளம்பர் சொல்கிறார், சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மழைநீருக்கு மட்டும் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். 1,000 சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை பெய்தாலே ஏறக்குறைய 9,000 லிட்டர் தண்ணீர். தெருவில் போகும் சாக்கடைக் குழாய் இதற்காகப் போட்டதில்லை. ஐப்பசி மழையில் அது நிரம்பினால், கழிவு எங்கே தாழ்வான வாய் இருக்கிறதோ அங்கே மேலே வரும். உங்கள் தெருவில் அந்த வாய் உங்களுடைய புது பாத்ரூமாகவே இருக்கலாம், இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரருடையது. மாடித் தண்ணீரைக் கிணற்றிலோ உறிஞ்சுகுழியிலோ விடுங்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்தான்.

கழிவறைக்கு 4 இஞ்ச் பைப் தனியாக, நேராகச் சேம்பருக்கு (வீட்டுப் பைப்புகள் வந்து சேரும், மூடி போட்ட தொட்டி) போகட்டும். குளியலறை, சமையலறைத் தண்ணீர் முதலில் கல்லி டிராப்பில் (அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும் வளைந்த அமைப்பு) விழுந்து, அப்புறம் சேம்பருக்குப் போகவேண்டும். அந்த டிராப்பில் நிற்கும் தண்ணீர்தான் நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கிறது. புழங்காத பாத்ரூமில் இது வற்றிவிடும், அவ்வப்போது ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் போதும்.

பைப்பின் வாட்டம், அதாவது சரிவு, 10 அடிக்கு 3 இஞ்ச். கண்ணால் பார்த்து "சரியா இருக்கு சார்" என்றால் ஒத்துக்கொள்ளாமல், டியூப் லெவல் (மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பைப் திரும்பும் இடத்தில் ஒரு சேம்பர் இருந்தால் பின்னாளில் அடைப்பு எடுக்கத் தரையை உடைக்க வேண்டாம்.

கழிவு திரும்பி வரும் என்ற பயம் இருந்தால் நான்-ரிட்டர்ன் வால்வு (கழிவை வெளியே விட்டு, திரும்பி வரும்போது மூடிக்கொள்ளும் வால்வு) போடலாம். ஆனால் தரைத்தளப் பைப்பில் மட்டும், மாடியிலிருந்து வரும் பைப் அதோடு சேர்வதற்கு முன்பே. மாடிப் பைப்பும் சேர்ந்த பிறகு போட்டால், வால்வு மூடியிருக்கும் நேரத்தில் மாடியில் குளிக்கிற தண்ணீர் உங்கள் வீட்டுக்குள்தான் வரும்.

தெருவில் உள்ள இணைப்பைத் தொடும் வேலை மெட்ரோ வாட்டருடையது (சென்னைக் குடிநீர், கழிவுநீர் வாரியம்). நாமாக ஆள் வைத்துச் சாலையைத் தோண்டக்கூடாது. ஆழமான சேம்பர் அடைத்துக்கொண்டால் அதற்குள் யாரையும் இறங்கச் சொல்லாதீர்கள். உள்ளே விஷவாயு இருக்கும், 2013-ம் ஆண்டுச் சட்டப்படி அப்படி ஆளை இறக்குவது குற்றமும்கூட. இயந்திர லாரிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.