புது வலை மாட்டினீர்கள், பழைய வலை எங்கே?

கேள்வியின் சாரம்: நியூ ஜெர்சி எடிசனில் எங்கள் வீட்டுப் பின்புறத்து டிராம்போலினில் (ஸ்பிரிங்குகளில் இழுத்துக் கட்டிய துள்ளு விரிப்பு) மகளோடு குதித்த பக்கத்து வீட்டுப் பையன் (வயது 7) ஸ்பிரிங் மேல் விழுந்து முழங்கை முறிந்தது. சுற்றிக் கட்டிய பாதுகாப்பு வலையின் ஜிப் திறந்திருந்தது. ஸ்பிரிங்கை மூடும் உறை ஓரிடத்தில் கிழிந்திருந்தது. ‘எது நடந்தாலும் நீங்கள் பொறுப்பில்லை’ என்று முன்பே எழுதித் தந்தவர், பத்து வருடமாகப் பழகும் அவன் அப்பா. இன்று வக்கீல் கடிதம் அனுப்புகிறார், இது நம்பிக்கைத் துரோகம். விபத்துக்குப் பின் வலையையும் உறையையும் புதிதாக மாற்றிவிட்டோம். 10,000 டாலர் கொடுத்து எங்களுக்குள் முடித்துக்கொள்ளலாமா?

பதில்: பத்து வருடப் பழக்கத்தையும் நம்பிக்கைத் துரோகத்தையும் பற்றி நீங்கள் எழுதியிருப்பது எதுவும் வழக்குக்கு உதவாது. உங்கள் வீட்டுக் காப்பீடு டிராம்போலினை ஏற்கிறதா என்பது ஒன்றே கேள்வி. சில பாலிசிகள் அதை அடியோடு விலக்கிவிடும். சில, வலையும் உறையும் இருந்தால்தான் ஏற்கும். ஆகவே இணைப்புத் தாள்கள் உட்பட முழு பாலிசியையும் படியுங்கள். வந்த கடிதத்தை இன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புங்கள்.

அப்பா எழுதித் தந்த சீட்டை நம்பாதீர்கள். குழந்தையின் உரிமையைப் பெற்றோர் முன்கூட்டியே விட்டுக்கொடுத்து எழுதியது செல்லாது என்று, வணிக ஸ்கேட் பூங்கா ஒன்றின் வழக்கில் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லிவிட்டது. உங்களுடையது வீடு என்பதால் வேறு முடிவு வரும் என்று எண்ணி இறங்க வேண்டாம்.

உங்களைப் பற்றி எனக்குள்ள பயமெல்லாம் அந்த 10,000 டாலரைப் பற்றியதுதான். என்னிடம் வந்த ஒருவர், காயம்பட்ட பிள்ளையின் அப்பாவுக்குக் காசோலையின் குறிப்பு வரியில் ‘முழுத் தீர்வு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தார். நியூ ஜெர்சியில் காயத்துக்கு இழப்பீடு கேட்கும் வழக்குக்கான இரண்டு ஆண்டுக் கெடு மைனருக்கு 18 வயது முடிந்த பிறகுதான் ஓடத் தொடங்கும் என்பதை அவர் அறியவில்லை. அந்தப் பிள்ளை 19 வயதில் வழக்குப் போட்டபோது, காப்பீட்டு நிறுவனம், தன்னைக் கேட்காமல் பணம் கொடுத்ததையும் இத்தனை காலம் தெரிவிக்காததையும் காட்டிக் கைவிரித்துவிட்டது. நீதிபதி விசாரித்து ஒப்புதல் அளிக்காத சமரசம் மைனரைக் கட்டுப்படுத்தாது. அப்பாவின் கையெழுத்து போதாது.

சமரசம் செய்யுங்கள், அதைத்தான் நானும் சொல்வேன். ஆனால் நிறுவனத்தின் வழியாக, நீதிமன்ற ஒப்புதலோடு செய்யுங்கள். வழக்காடி வெல்வது கடினம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012-இல் வெளியிட்ட அறிக்கை, டிராம்போலின் காயங்களில் ஏறத்தாழ முக்கால்வாசி ஒரே நேரத்தில் பலர் குதிக்கும்போது நேர்வதாகவும், வலையும் உறையும் பொய்யான தைரியத்தைத் தரக்கூடும் என்றும் சொல்கிறது. இரண்டு பிள்ளைகளைச் சேர்ந்து குதிக்க விட்டது யார், அப்போது பெரியவர்கள் எங்கே இருந்தார்கள் என்று எதிர்தரப்பு முதலில் கேட்கும்.

புது வலை மாட்டியது தவறல்ல. பின்னால் செய்த பாதுகாப்பை அலட்சியத்துக்குச் சாட்சியாகப் பொதுவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் கழற்றிய பழைய வலையும் கிழிந்த உறையும் எங்கே? குப்பைக்குப் போயிருந்தால், சாட்சியத்தை அழித்தீர்கள் என்ற குற்றச்சாட்டு வரும். அதை உங்கள் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கேரேஜில் இருந்தால் படம் எடுத்து, தேதியிட்டு, பெட்டியில் கட்டிவையுங்கள். டிராம்போலினை விற்கவோ பிரிக்கவோ வேண்டாம். வேறு பிள்ளைகள் ஏறாதபடி ஏணியை மட்டும் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள்.