மருத்துவ நூலகர் ஆக வேண்டுமா? வாசகர் கேள்வி – பதில்

பி.எஸ்சி. விலங்கியல் முடித்திருக்கிறேன். மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வேலைக்குச் சேர முடியுமா?
– வாசகி, தஞ்சாவூர்

தாராளமாக. மருத்துவப் பட்டம் வேண்டாம். நூலக அறிவியல் பட்டம் வேண்டும். பி.எல்.ஐ.எஸ்சி. ஓராண்டு, அதற்குமேல் எம்.எல்.ஐ.எஸ்சி. முடிந்தால் 'நெட்' என்னும் தேசியத் தகுதித் தேர்வையும் எழுதி வையுங்கள். விலங்கியல் வீண்போகாது, உடற்கூறியல் சொற்கள் பாதி பழகியிருக்கும்.

எல்லாம்தான் பப்மெட் என்னும் மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தில் கிடைக்கிறதே, நூலகருக்கு அப்படி என்ன வேலை?
– வாசகர், மதுரை

கிடைப்பது வேறு, ஒன்றும் விடுபடாமல் எடுப்பது வேறு. 'குழந்தைக்குக் காய்ச்சல், பாராசிட்டமாலா, ஐபுபுரூஃபனா?' என்று ஒரு முதுநிலை மாணவர் வருகிறார் என்று வையுங்கள். கேள்வியை முதலில் நான்காகப் பிரிக்க வேண்டும்: யாருக்கு, எந்த மருந்து, எதோடு ஒப்பிட்டு, என்ன பலன். பலனைப் பெரும்பாலும் தேடலில் சேர்க்காதீர்கள். கட்டுரையின் தொடக்கச் சுருக்கத்தில் அதைச் சொல்லாத கட்டுரைகள் நிறைய உண்டு, அவை நழுவிவிடும்.

அடுத்தது 'மெஷ்', அதாவது கட்டுரைகளுக்கு இடப்படும் பொருள் தலைப்புகளின் பட்டியல். அதில் பாராசிட்டமாலின் பெயர் 'அசிட்டமினோஃபென்'. மெஷ்ஷை மட்டும் நம்பினால், இன்னும் பொருள் தலைப்பு இடப்படாத புதுக் கட்டுரைகள் வராது. கட்டுரைத் தலைப்பிலும் சுருக்கத்திலும் 'பாராசிட்டமால்' என்று மட்டும் தேடினாலோ, அமெரிக்கர்கள் எழுதியதில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே மெஷ் சொல், இரண்டு பெயர்கள் எல்லாவற்றையும் 'ஆர்' (OR) போட்டு ஒரே அடைப்புக்குறிக்குள் வையுங்கள். ஐபுபுரூஃபன், குழந்தை, காய்ச்சல் ஒவ்வொன்றுக்கும் இப்படியே ஓர் அடைப்பு கட்டி, அடைப்புகளை 'ஆண்ட்' (AND) போட்டு இணையுங்கள். இந்த இணைப்புச் சொற்களைப் பெரிய எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

பலரும் விழும் குழி, பப்மெட் திரையின் ஓரத்தில் இருக்கும் 'மனிதர்கள்', வயது வடிகட்டிகள். அவையும் மெஷ்ஷை நம்பியே இயங்குபவை. சொடுக்கியதும் புதுக் கட்டுரைகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். எண்ணிக்கை குறைந்ததே என்று மாணவர் மகிழ்வார்!

தேடல் வரிகளை அப்படியே, தேதியோடும் கிடைத்த எண்ணிக்கையோடும் சேமியுங்கள். ஒரு கேள்விக்கான ஆய்வுகளை எல்லாம் தேடித் தொகுக்கும் முறைசார் மீளாய்வு என்றால், எல்லாத் தரவுத்தளங்களின் முழுத் தேடலையும் வெளியிடச் சொல்கிறது, அத்தகைய மீளாய்வுகளை எழுதுவதற்கான பிரிஸ்மா 2020 வழிகாட்டி.

வேலை கிடைக்கும் முன்பே இதைப் பழக வழி உண்டா?
– வாசகி, சேலம்

பப்மெட் 1997 முதல் எல்லோருக்கும் இலவசம். வெளிவந்த ஒரு முறைசார் மீளாய்வை எடுத்து, தேடல் வரிகள் இருக்கும் அதன் பிற்சேர்க்கையைப் பார்க்காமல் நீங்களே தேடல் கட்டுங்கள். அவர்கள் சேர்த்த கட்டுரைகளில் எவை உங்கள் வலையில் விழவில்லை என்று பாருங்கள். விடுபட்ட ஒவ்வொன்றின் பதிவையும் திறந்து, எந்தச் சொல்லால் தப்பியது என்று தேடுங்கள். பெரும்பாலும் ஒரு மாற்றுப் பெயரோ, பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலோதான் காரணமாக இருக்கும்.