மாலியின் வாயில் வெள்ளைப் பஞ்சு: பூஞ்சையா, பாக்டீரியாவா?

கேள்வி: விற்பனைக்காக மாலி, கப்பி என்ற அலங்கார மீன்களை வளர்க்கிறேன். 500 லிட்டர் தொட்டியில் ஏற்கெனவே இருந்த மாலிகளோடு, புதிதாக வாங்கிய 40 மாலிகளையும் விட்டேன். ஐந்தாம் நாள் சில மீன்களுக்கு வாயைச் சுற்றிப் பஞ்சு போல வெள்ளையாக வந்தது. முதுகிலும் வெளிறிய திட்டு. பூஞ்சை என்று நினைத்து மெத்திலீன் புளூ ஊற்றி, ஹீட்டரை 30 டிகிரிக்கு ஏற்றினேன். அப்படியும் நிற்கவில்லை. மூன்று நாளில் 22 மீன்கள் செத்துவிட்டன. ஏஞ்சல் மீன் முட்டைகளில் பஞ்சு பிடித்தபோது இதே மருந்து நன்றாகக் கேட்டதே, இப்போது ஏன் கேட்கவில்லை? பக்கத்துத் தொட்டிக் கப்பிகளுக்கு இன்னும் ஒன்றும் இல்லை. அவற்றை எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: முதலில் ஹீட்டரைக் குறைத்துவிட்டு வாருங்கள். ஒரே மூச்சில் இறக்காமல், சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் 25க்குக் கொண்டுவாருங்கள். காற்றுக் குழாய் இன்னொன்று இருந்தால் அதையும் தொட்டியில் போடுங்கள்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது பூஞ்சை மாதிரித் தெரியவில்லை. காலம்நாரிஸ் என்ற பாக்டீரியா நோயின் அடையாளங்கள்தான் எல்லாம். ஃபிளேவோபாக்டீரியம் காலம்நாரே என்ற கிருமியால் வருவது. வாயில் வெள்ளை படர்வதால் இதை வாய்ப்பூஞ்சை என்றே பலரும் சொல்கிறார்கள். அந்தப் பெயரை நம்பித்தான் பூஞ்சை மருந்தைத் தேடிப் போகிறோம். நானும் ஆரம்ப காலத்தில் இதே தவறைச் செய்து ஒரு தொட்டி முழுவதையும் இழந்திருக்கிறேன். அதனால் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் ஏஞ்சல் முட்டையில் வந்தது சாப்ரோலெக்னியா வகை நீர்ப்பூஞ்சை. செத்த முட்டை, அடிபட்ட இடம், புண் இவற்றில்தான் அது வேர்விடும். தண்ணீருக்குள் பார்த்தால் மயிர் மயிராக எழுந்து நின்று அசையும், அழுக்குப் படிந்து பழுப்பாகவும் மாறும். பெரும்பாலும் ஒன்றிரண்டு மீன்களோடு நிற்கும், நாள் எடுத்துத்தான் பரவும். குளிர்ந்த நீர் அதற்குப் பிடிக்கும். காலம்நாரிஸ் அப்படி எழுந்து நிற்காது, தோலோடு ஒட்டி மாவு பூசியது போலப் படியும். ஓரம் மஞ்சளாகவோ சிவந்தோ இருக்கும். முதுகில் சேணம் வைத்தது போல வெளிறிய பட்டை விழும். செவுளைப் பிடித்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாமலே ஓரிரு நாளில் மீன் செத்துவிடும். சூடு ஏற ஏற இந்தக் கிருமி வேகமாகப் பெருகும். வெள்ளைப்புள்ளி நோய்க்குச் சூடு ஏற்றுவது சரி, ஏனென்றால் அது ஒட்டுண்ணி. இங்கே அதே வைத்தியம் நோய்க்குத்தான் துணை போகிறது.

அருகில் மைக்ரோஸ்கோப் உள்ள மீன்வள ஆய்வகமோ கால்நடை மருத்துவரோ இருந்தால், உயிரோடு இருக்கும் நோய்மீன் ஒன்றைக் கொண்டுபோங்கள். செத்து நேரமான மீனில் வேறு கிருமிகள் ஏறிவிடும். வாய்ப்புண்ணை லேசாகச் சுரண்டிப் பார்த்தால், மெல்லிய நீண்ட கிருமிகள் வைக்கோல்போர் போலக் குவிந்து நிற்பது தெரியும். பூஞ்சையாக இருந்தால் கிளைவிட்ட தடித்த நூல்கள் தெரியும். இந்த ஒரு பார்வைக்குப் பிறகு மருந்தில் குழப்பமே இருக்காது.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. செத்ததையும் சாகக் கிடப்பதையும் உடனே எடுத்துவிடுங்கள். அடியில் உள்ள கழிவை உறிஞ்சி, 40 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் சோடியம் தயோசல்பேட் சேர்த்த பிறகே விடுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் எவ்வளவு என்று சோதித்துப் பாருங்கள், இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 40 மீன்களை ஒரே நாளில் சேர்த்தபோதே ஃபில்டருக்குச் சுமை கூடிவிட்டது. மெத்திலீன் புளூ ஃபில்டரில் உள்ள நல்ல பாக்டீரியாக்களையும் கெடுக்கும். அதனால் ஒரு வாரத்துக்குத் தினமும் சோதனை செய்யுங்கள். தீனியைப் பாதியாகக் குறையுங்கள்.

அடுத்து உப்பு. எதுவும் கலக்காத கல்லுப்பு லிட்டருக்கு 3 கிராம், அதாவது உங்கள் தொட்டிக்கு ஒன்றரை கிலோ. அதைக் கரைத்து, மூன்று பங்காக்கி ஒரு நாள் முழுவதும் பரவலாக ஊற்றுங்கள். உப்பு இந்தக் கிருமியின் பலத்தைக் குறைக்கும், நைட்ரைட் மீனின் செவுள் வழியே ஏறாமல் தடுக்கவும் உதவும். மாலி உப்பைத் தாராளமாகத் தாங்கும் மீன். கோரிடோரஸ் போன்ற மீன்களும் நீர்ச்செடிகளும் கூட இருந்தால் முன்கூட்டியே வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

மறுநாள் தண்ணீரில் மெத்திலீன் புளூவின் நீலம் போன பிறகு பொட்டாசியம் பெர்மாங்கனேட் கொடுக்கலாம். நீலம் இருக்கும்போது போட்டால் அதோடு வினைபுரிந்தே வீணாகிவிடும். லிட்டருக்கு 2 மில்லிகிராம், 500 லிட்டருக்கு 1 கிராம். கண் மதிப்பில் வேண்டாம், நகைத் தராசு போன்ற நுண்ணிய தராசில் நிறுத்தே போடுங்கள். தனியாகக் கரைத்து, ஏர் பம்ப் ஓடும்போது ஊற்றி, நான்கு மணி நேரம் இளஞ்சிவப்பு நிற்கிறதா என்று பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் உடனே தண்ணீர் மாற்றுங்கள். ஃபார்மலினோடு இதை எக்காரணத்தைக் கொண்டும் சேர்க்காதீர்கள்.

உள்ளே ஏறிய நோய்க்கு ஆன்டிபயாடிக் தேவைப்படும். ஆக்ஸிடெட்ராசைக்ளினைத் தண்ணீரில் கரைத்து விடுவது பலர் செய்வது. ஆனால் மாலிக்காக நாம் வைத்திருக்கும் கடினநீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் அந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும், மீனுக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். தீனியில் கலந்து கொடுப்பதே பலன் தரும். ஒரு கிலோ மீன் எடைக்கு நாளொன்றுக்கு 75 மில்லிகிராம், 10 நாள் என்பது வழக்கமான அளவு. மருத்துவரிடம் காட்டி, சீட்டு வாங்கிக் கொடுங்கள். மீன் தேறியது போலத் தெரிந்ததும் மூன்றாம் நாளே நிறுத்திவிடுவது மிக மோசமான பழக்கம். மிஞ்சும் கிருமிக்கு அடுத்த முறை அந்த மருந்து கேட்காமல் போகும். தீனி எடுக்காத மீனுக்கு இந்த வழி உதவாது. அதனால்தான் இன்னும் சாப்பிடும் மீன்களுக்கு இன்றே தொடங்கச் சொல்கிறேன்.

கப்பிகள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே வலையை இரண்டு தொட்டிக்கும் போட்டிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். வலை, வாளி, உறிஞ்சு குழாய் எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். ஈரக்கையும் ஏர் பம்ப் தெறிக்கும் துளியுமே கிருமியைக் கொண்டுபோகப் போதும். எப்போதும் கப்பித் தொட்டி வேலையை முடித்த பிறகே மாலித் தொட்டிக்குப் போங்கள். பழைய வலைகளைப் பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்து, நன்றாக அலசி, வெயிலில் மொறுமொறுவென்று காயவிடுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடுங்கள். மீன்தொட்டிகளில் இருக்கக்கூடிய மைகோபாக்டீரியம் மரினம் என்ற இன்னொரு கிருமி காயம் வழியே மனிதத் தோலில் ஆறாத புண் உண்டாக்கும்.

இனி வாங்கும் மீன் எதுவானாலும் குறைந்தது மூன்று வாரம் தனித்தொட்டியில் வைத்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள். பிழைத்த மாலிகளையும் அவசரப்பட்டு விற்காதீர்கள். வாய்ப்புண் ஆறிய மீன்கூடக் கிருமியைச் சுமந்துகொண்டிருக்கலாம், வாங்குபவரின் தொட்டியில் போய் நோயைத் தொடங்கிவைக்கும். கடைசி மீன் செத்த நாளிலிருந்து ஒரு மாதமாவது அதே தொட்டியில் தனியாக இருக்கட்டும்.