தேசிக்காய் பிழிந்தால் மீன்புழு சாகுமா?

கேள்வி: நாங்கள் நுவரெலியாவில் வசிக்கிறோம். கொரியாவில் வேலை செய்துவிட்டு வந்த என் தம்பி, லொறியில் வரும் கெலவல்லாவை மெல்லியதாக வெட்டி, தேசிக்காய் பிழிந்து பச்சையாகவே சாப்பிடுகிறான். புளிப்பில் புழு செத்துவிடும் என்கிறான். உண்மையா?

பதில்: இல்லை. தேசிக்காய்ச் சாறு சதையை வெளுக்கவைக்கும். பார்வைக்கு வெந்தது போலிருக்கும், அவ்வளவுதான். கடல்மீனில் சுருண்டு கிடக்கும் அனிசாகிஸ் புழு, நம் இரைப்பையின் அமிலத்தையே தாங்கிக்கொண்டு அதன் சுவரைத் துளைக்கும். தேசிக்காய் எம்மாத்திரம்?

ஆனாலும் கெலவல்லா போன்ற பெரிய சூரை இனங்களில் புழு அபாயம் குறைவுதான். என் கவலை லொறியைப் பற்றியது. கரையிலிருந்து மலையேறி வருவதற்குள் ஐஸ் கரைந்தால் அந்த மீனில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேர்ந்துவிடும். சாப்பிட்ட சற்று நேரத்திலேயே முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு அரிக்கும். கறியாக்கினாலும் அது அழியாது. 'மீன் ஒத்துக்கொள்ளவில்லை' என்று நம் வீடுகளில் சொல்வதில் பாதி இதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்றையும் தம்பியிடம் கேளுங்கள்: கொரியாவில் ஆற்று மீனைப் பச்சையாகச் சாப்பிட்டானா? அங்குள்ள சில ஆறுகளின் மீன்களில் ஈரல் தட்டைப்புழு உண்டு. அது பித்தக் குழாய்களில் இருபது ஆண்டுகளுக்கு மேலும் சத்தமில்லாமல் வாழும். நாளடைவில் அங்கே புற்றுநோயையும் உண்டாக்கக்கூடும். சாப்பிட்டிருந்தால் மலப் பரிசோதனை அவசியம். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பூச்சிக் குளிசையை வாங்கி விழுங்கிவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம். இதற்கு வைத்தியர் எழுதித் தரும் பிரசிகுவான்டெல் வேண்டும். நம் நீர்த்தேக்க மீனையும் பச்சையாகத் தொடாதீர்கள்.

புழுவைக் கொல்ல, மீனை மைனஸ் 20 பாகை செல்சியஸில் ஏழு நாட்கள் உறையவைக்க வேண்டும். வீட்டுப் பிரிட்ஜ்கள் பலவற்றில் அவ்வளவு குளிர் கிடைக்காது. சமைப்பதே சுலபம்: சதையின் நடுப்பகுதி 63 பாகையை எட்டினால் போதும். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறதே என்று தயங்க வேண்டாம், அது தாராளம்.

பச்சை மீன் சாப்பிட்ட சில மணி நேரத்தில் மேல்வயிறு தாங்கமுடியாமல் வலித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். என்ன சாப்பிட்டான் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அனிசாகிஸ் என்றால் எண்டொஸ்கோப்பி மூலம், அதாவது வாய்வழியே கமரா பொருத்திய குழாயை விட்டு, புழுவைப் பிடித்து எடுத்துவிடலாம். வலியும் பெரும்பாலும் அத்தோடு அடங்கிவிடும்.