‘2030க்குள் கார்பன் நியூட்ரல்’ என்று எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: மறுசுழற்சித் துணியில் பை தைக்கும் நிறுவனம் எங்களுடையது. 60 பேர் வேலை பார்க்கிறார்கள். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் சமூகப் பொறுப்பு உறுதிமொழிகளை எழுத்தில் கேட்கிறார். ‘2030க்குள் கார்பன் நியூட்ரல், லாபத்தில் 5 சதவீதம் சுற்றுச்சூழல் பணிக்கு, 10,000 மரக்கன்றுகள்’ என்று எழுதி வைத்திருக்கிறோம். அனுப்பலாமா?

பதில்: இப்படியே அனுப்பாதீர்கள். ‘கார்பன் நியூட்ரல்’ என்றால், வெளியிடும் கார்பனுக்கு ஈடாக அதே அளவு வேறெங்காவது குறைத்தோ நீக்கியோ சமன் செய்துவிட்டோம் என்று பொருள். அடுத்த வருடம் ‘எதுவரை வந்திருக்கிறது?’ என்று அவர் கேட்டால் காட்டுவதற்கு உங்களிடம் கணக்கு இருக்காது.

முதலில் ஓர் அடிப்படை ஆண்டு வேண்டும்; அதாவது, பின்னாளில் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆண்டின் உமிழ்வுக் கணக்கு. கடந்த 12 மாத கரண்ட் பில், டீசல் ரசீது, ஏ.சி. சர்வீஸ் ரசீது எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பசுமைக்குடில் வாயுக்களைக் கணக்கிட நிறுவனங்கள் பின்பற்றும் ஜி.எச்.ஜி. புரோட்டோகால் முறைப்படி நீங்களே எரிக்கும் எரிபொருளும் கசியும் வாயுவும் ஸ்கோப் 1. வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. துணி, லாரி வாடகை, கழிவு போன்ற மற்றவை ஸ்கோப் 3. அதில் 15 பிரிவுகள் உண்டு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மின்சாரத்துக்கு, உங்கள் மின்தொகுப்புக்கு அந்த ஆண்டு வெளியிடப்பட்ட உமிழ்வுக் காரணியால் (ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடு என்ற எண்) யூனிட்டைப் பெருக்குங்கள்.

பலர் கோட்டைவிடுவது ஏ.சி.யில்தான். மெக்கானிக் 1 கிலோ ஆர்-410ஏ வாயு நிரப்பினார் என்றால், ஏறக்குறைய அவ்வளவும் ஏற்கெனவே கசிந்து போயிருக்கிறது. கார்பன் டை ஆக்சைடைப்போல் சுமார் 2,000 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. அந்த ஒரு கிலோ, 700 லிட்டருக்கும் அதிகமான டீசலை எரித்ததற்குச் சமம்! ரசீதிலோ வெறும் ‘கேஸ் டாப்-அப்’ என்றுதான் இருக்கும். நிரப்புவதற்கு முன்னும் பின்னும் சிலிண்டரை எடைபோட்டு, இரண்டு எடையையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து, இலக்கு. ‘ஒரு பைக்கு 30 சதவீதம் குறைப்போம்’ என்று எழுதிவிட்டு உற்பத்தியை ஒன்றரை மடங்காக்கினால், மொத்த உமிழ்வு 5 சதவீதம் கூடியிருக்கும். அதனால் மொத்த அளவில் இலக்கு வையுங்கள். புவி வெப்பம் 1.5 டிகிரிக்குள் நிற்க வேண்டுமென்ற பாதைக்கு, அடிப்படை ஆண்டு அளவில் வருடத்துக்கு 4.2 சதவீதம் குறைப்பு என்பது அறிவியல் சார்ந்த இலக்குகளில் பரவலாகப் பயன்படும் கணக்கு. விலைக்கு வாங்கும் கார்பன் கிரெடிட்டை (வேறொருவர் குறைத்த உமிழ்வுக்கான சான்று) இந்தக் குறைப்பில் சேர்க்கக் கூடாது. தனி வரியில் காட்டுங்கள். ‘கார்பன் நியூட்ரல்’ என்ற சொல்லையே விட்டுவிடுவது நல்லது. ஸ்கோப் 3க்கு இப்போதே சதவீதம் சொல்ல வேண்டாம். கொள்முதலில் 80 சதவீதம் தரும் சப்ளையர்களிடமிருந்து இன்ன மாதத்துக்குள் தரவு வாங்குவோம் என்று எழுதினால் போதும், அது நேர்மையானது.

லாபத்தில் 5 சதவீதம் என்றால் நஷ்ட ஆண்டில் பூஜ்யம். விற்பனையில் சதவீதம் வைத்தால் ஆண்டுதோறும் பணம் போகும். ஆனால் லாபம் விற்பனையில் 5 சதவீதம்தான் என்றால், விற்பனையில் 1 சதவீதம் கொடுப்பது லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மூன்று ஆண்டுக் கணக்கை வைத்துப் பார்த்து, தாங்கும் அளவை முடிவு செய்யுங்கள்.

மரக்கன்றில் நட்ட எண்ணிக்கைக்கு மதிப்பில்லை. மூன்றாம் ஆண்டு முடிவில் உயிரோடு நிற்பவை எத்தனை என்று எழுதுங்கள். தண்ணீருக்கும் பட்டுப்போனதை மாற்றி நடவும் அதே பட்ஜெட்டில் பணம் ஒதுக்குங்கள்.

‘மறுசுழற்சித் துணி’ என்பதையும் சரிபாருங்கள். ஐ.எஸ்.ஓ. 14021 தரநிலைப்படி ‘பசுமை’, ‘சூழலுக்கு உகந்தது’ போன்ற பொத்தாம்பொதுவான சொற்கள் ஆகாது. எடையில் எத்தனை சதவீதம் மறுசுழற்சிப் பொருள், ஜிப்பும் நூலும் அதில் சேருமா என்று சொல்ல வேண்டும். ஒரு வேலையில் விழும் வெட்டுத்துண்டை அதே வேலையில் திரும்பப் போட்டால், அது மறுசுழற்சிப் பங்கில் வராது.

உங்கள் பட்டியலில் தையல் மேஜையில் இருப்பவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சமூகப் பொறுப்புக்கான ஐ.எஸ்.ஓ. 26000 சொல்லும் ஏழு அம்சங்களில் சுற்றுச்சூழல் ஒன்றுதான். தொழிலாளர் நடைமுறையும் மனித உரிமையும் அதற்குச் சமமாகவே நிற்கின்றன. வார வேலை நேர உச்சவரம்பு, ஓவர்டைம் கூலி, விபத்துப் பதிவேடு ஆகிய மூன்றையாவது சேருங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு வரிக்கும் எதிரே பொறுப்பாளர் யார் என்று பதவியைக் குறிப்பிடுங்கள்: வாயுவுக்குப் பராமரிப்பு மேற்பார்வையாளர், துணிக்குக் கொள்முதல் பிரிவு, வேலை நேரத்துக்குக் கணக்குப் பிரிவு. மாதாமாதம் அவர்கள் எண்ணை நிரப்பிவந்தால்தான் ஆண்டு முடிவில் அறிக்கை எழுத முடியும்.