கடல் முன்னறிவிப்பில் 'அலை உயரம் 2 மீட்டர்' என்றால் என்ன அர்த்தம்?

நாகப்பட்டினம், தரங்கம்பாடி பக்கம் வடகிழக்குப் பருவமழை நேரத்தில் இந்த எண்ணைப் பார்த்துத்தான் பலர் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். இது ஏதோ ஒரு அலையின் உயரம் இல்லை. வருகிற அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, அடியிலிருந்து உச்சி வரை கணக்கிட்ட சராசரி. 30 பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் முதல் 10 பேரின் சராசரி மார்க் மாதிரி. முதல் மார்க் வாங்கியவர் அதற்கு மேலேதான் இருப்பார்.

ஏன் இப்படி? பக்கத்துக் காற்று கிளப்பிய அலையும் எங்கோ தூரத்துப் புயல் தள்ளிவிட்ட அலையும் கலந்துதான் வருகின்றன, இரண்டின் உச்சியும் ஒரே இடத்தில் சேர்ந்தால் திடீரென்று பெரிய அலை, சேராவிட்டால் சின்னது. படகை ஆட்டுவது பெரியவைதான், அதனால் சின்னதைக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அப்புறம், இந்த எண் பெரும்பாலும் கரையைத் தாண்டிய ஆழமான கடலுக்கானது. முகத்துவாரத்து மணல்மேட்டில் ஆழம் குறையும்போது அலை இன்னும் நிமிர்ந்து உடையும், ஃபைபர் படகு ரொம்பவே கவனமாகக் கடக்க வேண்டிய இடம் அது.

2 மீட்டர் என்று போட்டிருந்தால் அதற்கு மேல் வராது என்று மட்டும் நினைக்காதீர்கள், இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் 4 மீட்டரை நெருங்கும் அலை ஒன்றாவது வரலாம்.